எத்தனை பேரில் எத்தனை பேர்? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை செய்திகளில் வரும் எண்களைப் பற்றியவை. நாளிதழ் ஒன்றின் செய்திப் பிரிவில் பல ஆண்டுகள் பிறர் எழுதியதைத் திருத்தும் வேலையில் இருந்தேன். அந்த அனுபவத்தைக் கொண்டு, இந்த இதழின் பக்கங்களை அக்கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: 2024-ஆம் ஆண்டு பிளஸ் 2 தேர்வு முடிவு வந்தபோது, திருப்பூர் மாவட்டம் முதலிடம் பிடித்ததாகவும் எங்கள் மாவட்டம் அதற்கு அடுத்த இடத்தில் இருப்பதாகவும் நாளிதழ்கள் எழுதின. அன்று முதல் எங்கள் பள்ளியில், "முதலிடம் ஏன் தவறியது?" என்பதே பேச்சாக இருந்தது. இந்த இடவரிசைக்கு உண்மையில் ஏதாவது பொருள் உண்டா? (பள்ளி ஆசிரியை, சிவகங்கை மாவட்டம்)

அந்த ஆண்டு திருப்பூரின் தேர்ச்சி 97.45 சதவீதம், சிவகங்கையும் ஈரோடும் 97.42 சதவீதம். இடைவெளி 0.03. பத்தாயிரம் பேர் தேர்வெழுதும் ஒரு மாவட்டத்தில் 0.03 சதவீதம் என்றால் மூன்றே மூன்று மாணவர்கள். கணக்குத் தேர்வன்று மூன்று பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வராமல் இருந்திருந்தால் வரிசை மாறியிருக்கும். அந்த மூன்று பேரை வைத்து ஒரு மாவட்டத்தின் ஆசிரியர்களை உயர்த்தியும் தாழ்த்தியும் பேசுவது நியாயமாகாது.

அடுத்த ஆண்டு நடந்ததையும் பாருங்கள். 2025-இல் அரியலூர் 98.82 சதவீதத்துடன் முதலிடத்துக்கு வந்தது. திருப்பூர் 97.53 சதவீதம் பெற்று மூன்றாமிடத்தில் நின்றது. அதாவது, முதலிடத்தில் இருந்த ஆண்டைவிட அதிகத் தேர்ச்சி பெற்றும் அந்த மாவட்டம் இரண்டு படிகள் இறங்கியது. "சறுக்கியது" என்று எழுதினால் இடவரிசைப்படி அது சரி. பிள்ளைகளின் படிப்பைப் பொறுத்தவரை முழுப் பிழை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனெனில் என்னை அதிகம் உறுத்துவது அதுதான். தேர்ச்சி சதவீதம் தேர்வு எழுதியவர்களை மட்டும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. 2023 மார்ச்சில் பிளஸ் 2 மொழித்தாள் தேர்வுக்குப் பதிவு செய்திருந்த சுமார் எட்டரை லட்சம் பேரில் ஏறத்தாழ 50,000 பேர் தேர்வு அறைக்கே வரவில்லை. அந்த ஆண்டின் தேர்ச்சி 94.03 சதவீதம் என்று கொட்டை எழுத்தில் வந்தது. தேர்ச்சி பெற்றவர்கள் சுமார் 7.55 லட்சம். வராதவர்களையும் சேர்த்து வகுத்தால் அது 89-ஐ ஒட்டி நிற்கும். மார்ச் மாதத்தில் அந்த 50,000 பேரைப் பற்றி எழுதிய இதழ்களிலேயே, மே மாதத்தில் தேர்ச்சிச் செய்தி வந்தபோது அவர்கள் காணாமல் போயிருந்தார்கள். எதை எதனால் வகுத்தார்கள் என்ற கேள்வி, இதுபோன்ற பிள்ளைகளுக்காகவாவது செய்திப் பிரிவில் எழ வேண்டும்.

கேள்வி: என் தாயார் நெடுநாளாக உட்கொண்டு வந்த ஒரு மாத்திரை, வேறொரு நோயின் அபாயத்தை "இரு மடங்காக்கும்" என்று ஒரு செய்தித் துணுக்கைப் படித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். பத்து நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. மருத்துவர் கடிந்துகொண்டார். அச்சில் வந்ததை நம்பியது அம்மாவின் தவறா? (இல்லத்தரசி, தஞ்சாவூர்)

தவறு அம்மாவுடையது அல்ல. "இரு மடங்கு" என்று மட்டும் எழுதிவிட்டு, எதன் இரு மடங்கு என்பதை எழுதாமல் விட்டவருடையது. மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தக் கூடாது என்பதை அவரிடம் அன்போடு சொல்லுங்கள். கூடவே, ஒரு நாடே இப்படி ஏமாந்திருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விடுத்தது. அப்போது புழக்கத்தில் இருந்த மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகள், ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகும் அபாயத்தை இரு மடங்காக்குகின்றன என்பது அதன் சாரம். மருத்துவர்களுக்குக் கடிதங்கள் பறந்தன. நாளிதழ்களும் தொலைக்காட்சியும் "இரு மடங்கு" என்பதைத் தலைப்பில் ஏற்றின. நூறு சதவீத உயர்வு என்றும் சொல்லப்பட்டது. இரண்டுமே கணக்குப்படி சரி. ஆனால் ஆய்வு சொன்னது இதுதான்: பழைய வகை மாத்திரை உட்கொண்ட 7,000 பெண்களில் ஒருவருக்கு இந்தச் சிக்கல் வந்தது, புதிய வகை உட்கொண்ட 7,000 பெண்களில் இருவருக்கு வந்தது. ஏழாயிரம் பேரில் ஒருவர் கூடுதல். இதைத் தலைப்பில் இட்டிருந்தால், மாத்திரையைக் கையில் வைத்திருந்த பெண் சற்று யோசித்திருப்பாள், மருத்துவரைக் கேட்டிருப்பாள்.

நடந்தது வேறு. பல பெண்கள் மாத்திரையை அப்படியே நிறுத்தினார்கள். விரும்பாத கருத்தரிப்புகள் பெருகின. அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் ஏறத்தாழ 13,000 அதிகரித்தன என்று கணக்கிடப்பட்டது. இதில் மனத்தைப் பிசையும் விஷயம் ஒன்று உண்டு: கருவுற்றிருக்கும் காலத்தில் ரத்தம் உறையும் அபாயம், அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம். எந்த அபாயத்துக்கு அஞ்சி ஓடினார்களோ, அதைவிடப் பெரிய அபாயத்துக்குள் தலைப்புகள் அவர்களை அனுப்பிவைத்தன.

2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியை நாள்தோறும் 50 கிராம் உண்பது பெருங்குடல் புற்றுநோய் அபாயத்தை 18 சதவீதம் கூட்டுகிறது என்று அறிவித்தபோதும் இதே கதை. 18 சதவீதம் என்றதும், நூறு பேரில் 18 பேருக்குப் புற்றுநோய் வரும் என்று படித்தவர்களே புரிந்துகொண்டார்கள். வாழ்நாளில் நூறு பேரில் 6 பேருக்கு இந்நோய் வரும் நாட்டில், நூறு பேரும் நாள்தோறும் அந்த இறைச்சியை உண்டால் அது 7 பேர் ஆகும் என்பதே அந்த 18-இன் பொருள். கவலைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் எவ்வளவு கவலைப்பட வேண்டும் என்று வாசகர் முடிவு செய்ய, 6 என்ற எண்ணும் 7 என்ற எண்ணும் அவர் கண்ணில் பட வேண்டும். நான் திருத்தும் மேசையில் இருந்தபோது, "இரு மடங்கு", "மும்மடங்கு" என்று வரும் மருத்துவச் செய்திகளை, "எத்தனை பேரில் எத்தனை பேர்?" என்று ஓரத்தில் எழுதி நிருபருக்கே திருப்பி அனுப்புவது வழக்கம். பாதிக்கு மேல் திரும்பி வந்ததே இல்லை.

கேள்வி: 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை (வங்கிகளுக்குத் தான் தரும் குறுகிய காலக் கடனுக்கான வட்டியை) 6.50 சதவீதத்திலிருந்து 6.25 சதவீதமாகக் குறைத்ததை, உங்கள் இதழ் "0.25 சதவீதம் குறைப்பு" என்று எழுதியது. சரியா? (வங்கி ஊழியர், நாகர்கோவில்)

சரியில்லை. குறைந்தது 0.25 சதவீதப் புள்ளி, அதாவது இரண்டு சதவீதங்களுக்கு இடையிலான நேர் வித்தியாசம். சதவீதமாகச் சொல்வதானால், 6.50-இல் 0.25 போனால் அது ஏறத்தாழ 3.8 சதவீதக் குறைப்பு. வட்டி விஷயத்தில் இந்தக் குழப்பம் பெரிய தீங்கு செய்வதில்லை, ஏனெனில் பழைய விகிதமும் புதிய விகிதமும் அருகிலேயே அச்சாகியிருக்கும். தேர்தல் செய்திகளில் நிலைமை வேறு. ஒரு கட்சியின் வாக்கு 10 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்ந்ததை "5 சதவீத உயர்வு" என்று ஒருவர் எழுத, "50 சதவீத உயர்வு" என்று மற்றொருவர் எழுத, வாசகர் இரண்டு தேர்தல்கள் நடந்ததாக நினைத்துக்கொள்வார். இனி "சதவீதப் புள்ளி" என்றே எழுதுவோம்.

கேள்வி: 2020-இல் தமிழ்நாட்டில் குற்றங்கள் ஒரே ஆண்டில் மும்மடங்காகி, நாட்டிலேயே அதிகக் குற்ற வழக்குகள் பதிவான மாநிலமாகியது என்று படித்தேன். அந்த ஆண்டில் நாங்கள் வீட்டு வாசலைக்கூடத் தாண்டவில்லையே! (ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், வேலூர்)

கேள்வியிலேயே விடையைப் பாதி சொல்லிவிட்டீர்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், தமிழ்நாட்டில் பதிவான வழக்குகள் 2019-இல் சுமார் 4.55 லட்சம், 2020-இல் 13 லட்சத்தைத் தாண்டின. மும்மடங்கு என்பது மெய். ஆனால் அவ்வாண்டு கூடியவற்றில் பெரும்பகுதி ஊரடங்கு மீறல் வழக்குகள். அரசு ஊழியர் முறைப்படி பிறப்பித்த உத்தரவை மீறுவதற்கான இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-ஆவது பிரிவின் கீழ், நாடு முழுவதும் 2019-இல் 29,469 வழக்குகள் இருந்தன, 2020-இல் 6,12,179. முகக்கவசம் இல்லாமல் பால் வாங்கப் போனவரும், தேவையின்றி இருசக்கர வாகனத்தை எடுத்தவரும், கொள்ளையடித்தவரும் "மொத்தக் குற்றங்கள்" என்ற ஒரே கட்டத்துக்குள் எண்ணப்பட்டார்கள். திருட்டு முதலிய வழக்கமான குற்றங்கள் அவ்வாண்டு நாடெங்கும் குறைந்தன. கடைத்தெரு பூட்டிக் கிடந்து, எல்லோரும் வீட்டில் இருந்தால் அப்படித்தான் ஆகும்.

காவல் நிலையத்தில் நடப்பதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். கையில் நான்கு மடிப்புப் புகார்த் தாளுடன் ஒரு பெண் வாசலில் நிற்கிறார். எழுத்தர் அதை வாங்கி முதல் தகவல் அறிக்கை பதிந்தால், அந்த மாவட்டத்தின் குற்றக் கணக்கில் ஒன்று கூடுகிறது. "சமாதானமாகப் போங்கள் அம்மா" என்று திருப்பி அனுப்பினால் எதுவும் கூடுவதில்லை. அவருக்கு நேர்ந்தது இரண்டிலும் ஒன்றே. ஆகவே புகாரை மறுக்காமல் வாங்கும் ஊர், ஏட்டில் மோசமான ஊராகத் தெரியும். கேரளம் ஆண்டுதோறும் குற்ற விகிதத்தில் மேல் வரிசையில் வருவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. ஒரே சம்பவத்தில் பல குற்றங்கள் நடந்திருந்தால், அவற்றில் கடுமையான ஒன்றை மட்டுமே எண்ணுவது காப்பகத்தின் முறை என்பதால், சிறியவை பல கணக்கிலேயே ஏறாமலும் போகின்றன. குற்றம் கூடுவதும் பதிவு கூடுவதும் வெவ்வேறு என்று ஆவணக் காப்பகமே தன் ஆண்டறிக்கையில் எச்சரிக்கிறது. அட்டவணையைப் பார்த்துத் தலைப்பு எழுதுவோர் அந்தப் பக்கத்தையும் புரட்டியிருந்தால், "முதலிடம்" என்ற சொல் பேனாவில் வந்திருக்காது.

கேள்வி: அலைக்கற்றை விவகாரத்தில் 1.76 லட்சம் கோடி ரூபாய் என்ற தொகையை இன்றும் மேடைகளில் கேட்கிறோம். அது உண்மையான எண்தானா? எந்தக் கட்சிக்கும் சாயாமல் பதில் எழுதுங்கள். (வழக்கறிஞர், மதுரை)

எண் உண்மை, அதற்கு இடப்பட்ட பெயர்தான் வழியிலேயே மாறிவிட்டது. 2008-இல் கைபேசிச் சேவைக்கான இரண்டாம் தலைமுறை அலைக்கற்றையுடன் கூடிய உரிமங்கள், 2001-இல் நிர்ணயித்த விலையில், நாடு முழுமைக்கும் 1,658 கோடி ரூபாய் என்ற கணக்கில் வழங்கப்பட்டன. இதனால் அரசுக்கு வராமல் போன வருவாய் எவ்வளவு இருக்கக்கூடும் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஆராய்ந்தார். அவரது அறிக்கை 2010 நவம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 2010-இல் நடந்த மூன்றாம் தலைமுறை ஏலத்தின் விலையைப் பழைய ஒதுக்கீட்டுக்குப் பொருத்திப் பார்த்தால் 1,76,645 கோடி. ஒரு நிறுவனம் தருவதாகச் சொன்ன தொகையை வைத்துப் பார்த்தால் 67,364 கோடி. உரிமம் பெற்ற நிறுவனங்கள் தம் பங்குகளை விற்ற விலையை வைத்துப் பார்த்தால் 57,666 கோடி முதல் 69,626 கோடி வரை. இத்தனையும் ஒரே அறிக்கையில் இருந்தன. அவற்றை அறிக்கை "அனுமான இழப்பு" என்ற பொருளில்தான் குறிப்பிட்டது.

நாளிதழ்கள் அவற்றில் பெரியதை எடுத்தன. முதல் நாள் "இழப்பு" என்றன. சில வாரங்களில் "ஊழல்" என்றன. பிறகு யாரோ பெட்டியில் கட்டி எடுத்துப் போன பணத்தைப் போல, 176-ஐ அடுத்து வரும் பத்துச் சுழியங்களையும் எண்ணிக் காட்டினார்கள். 2011-இல் மத்தியப் புலனாய்வுத் துறை தன் குற்றப்பத்திரிகையில் கூறிய இழப்பு 30,984 கோடி. அந்த எண்ணை இன்று நினைவு வைத்திருப்பவர் அரிது.

ஒதுக்கீட்டு முறையில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. அது லேசான விஷயமல்ல. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. அதை எதிர்த்துப் புலனாய்வுத் துறை மேல்முறையீடு செய்தது. என் வருத்தம் எங்கள் தொழிலைப் பற்றியது. ஒரு கணக்கீட்டுக்கு நான்கு விடைகள் இருந்தபோது, நான்கையும் அருகருகே வைத்து, எது எந்த அனுமானத்தில் வந்தது என்று எழுத ஒரு பத்தி போதுமானதாக இருந்தது. அந்தப் பத்தியைப் பெரும்பாலானோர் எழுதவில்லை. நான் அன்று திருத்திய செய்திகளிலும் அது இல்லை என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: இந்தியத் தமிழ் ஏடுகளில் வரும் வெளிநாட்டுச் செய்திகளில் தொகைகள் அடிக்கடி தவறாக இருப்பதைக் காண்கிறேன். (வாசகி, கொழும்பு)

இலங்கைத் தமிழ் ஏடுகள் மில்லியனை மில்லியன் என்றே எழுதிவிடுகின்றன. இங்கே நாங்கள் லட்சமாகவும் கோடியாகவும் மாற்றுகிறோம். பிழை அந்த மாற்றத்தில் நுழைகிறது. ஒரு மில்லியன் பத்து லட்சம். ஒரு பில்லியன் நூறு கோடி. ஒரு டிரில்லியன் லட்சம் கோடி. இரவு பதினொரு மணிக்கு, அச்சுக்கு அனுப்ப இருபது நிமிடம் இருக்கையில், டாலரை ரூபாயாக்கி, பில்லியனைக் கோடியாக்கும்போது ஒரு சுழியம் நழுவிவிடும். இந்த மூன்று வரிகளைத் தாளில் எழுதிக் கணினித் திரையின் விளிம்பில் ஒட்டி வைத்திருந்த மூத்த உதவி ஆசிரியர் ஒருவரிடம் நான் பயிற்சி பெற்றேன். முப்பது ஆண்டு அனுபவத்துக்குப் பிறகும் அவர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் எழுதினார்.

கேள்வி: கொரோனா ஆண்டில் ஏப்ரல்–ஜூன் காலாண்டில் நாட்டின் உற்பத்தி 24.4 சதவீதம் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு அதே காலாண்டில் 20.1 சதவீதம் வளர்ந்தது. அப்படியானால் இழந்தது 4.3 சதவீதம்தானே? (வணிகவியல் மாணவர், கோயம்புத்தூர்)

இல்லை, தம்பி. இரண்டு சதவீதங்களும் வெவ்வேறு அடித்தளத்தில் நிற்பவை. கூட்டிக் கழிக்க முடியாது. ரூபாயில் பாருங்கள். நிலையான விலையில், அதாவது விலையேற்றத்தை நீக்கிப் பார்த்தால், 2019-இன் அந்தக் காலாண்டில் மொத்த உள்நாட்டு உற்பத்தி சுமார் 35.66 லட்சம் கோடி. 2020-இல் 26.95 லட்சம் கோடி. 2021-இல் 32.38 லட்சம் கோடி. அதாவது "வரலாறு காணாத வளர்ச்சி" என்று தலைப்பு வந்த காலாண்டில், நாடு ஈராண்டுக்கு முன் இருந்ததைவிட 9 சதவீதம் கீழே நின்றது. கிணற்றில் விழுந்தவர் பாதிக்கு மேல் ஏறி வந்ததை வளர்ச்சி என்று சொல்லலாம். ஆனால் அவர் இன்னும் தரைக்கு வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வளர்ச்சி விகிதத்துடன் மூன்று ஆண்டுத் தொகைகளையும் ஒரு சிறு கட்டத்தில் போட்டிருந்தால் உங்களுக்கு இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

கேள்வி: எங்கள் ஊர் மைதானத்தில் நடந்த ஒரு பொதுக்கூட்டத்துக்கு 2 லட்சம் பேர் வந்ததாகச் செய்தி வந்தது. மைதானம் 6 ஏக்கர்தான். கூரையிலிருந்து எடுத்த படத்தை இணைத்துள்ளேன். இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? (உடற்கல்வி ஆசிரியர், திருச்சி மாவட்டம்)

பெரும்பாலும் மேடையிலிருந்து வருகின்றன. அமைப்பாளர் ஒன்று சொல்வார், காவல்துறை ஒன்று சொல்லும்; இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து எழுதுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு ஊகங்களின் சராசரியும் ஊகமே.

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ், 1960-களில் தம் அலுவலக ஜன்னல் வழியே மாணவர் போராட்டங்களைப் பார்த்து ஓர் எளிய வழியைக் கண்டார். சதுக்கத்தின் தரையில் கட்டங்கள் இருந்தன. சில கட்டங்களில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணி, பரப்பால் பெருக்கினார். கூட்டம் தளர்வாக நின்றால் ஆளுக்குச் சுமார் 10 சதுர அடி, நெருக்கமாக நின்றால் நாலரை சதுர அடி, மூச்சுத் திணறும் நெரிசலில் இரண்டரை சதுர அடி என்ற அவரது அளவுகளை இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

உங்கள் 6 ஏக்கர் 2,61,360 சதுர அடி. அதில் 2 லட்சம் பேர் என்றால் ஆளுக்கு 1.3 சதுர அடி; விரித்த நாளிதழின் ஒரு பக்கத்தைவிடக் குறைவான இடம். மூச்சுத் திணறும் நெரிசலுக்கான அளவில் ஏறத்தாழ பாதிதான் அது. மைதானம் முழுவதும் மூச்சுத் திணற நிரம்பினாலும் ஒரு லட்சத்துச் சொச்சம். நெருக்கமாக நின்றால் 58,000. தளர்வாக நின்றால் 26,000.

நீங்கள் அனுப்பிய படத்தில், முன்பகுதியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் தெரிகின்றன. மேடையும் அதன் முன் விட்ட இடைவெளியும் தடுப்புக் கம்பிகளும் ஏறத்தாழ ஒரு ஏக்கரை எடுத்துக்கொண்டிருக்கின்றன. கிழக்குச் சுவரோரம் வேப்ப மர நிழலில் ஆட்கள் நெருங்கியும், கம்பத்துக்குப் பின்னால் கலைந்தும் நிற்கிறார்கள். அங்கே வெற்றுத் தரை தெரிகிறது. மைதானத்துக்கு வெளியே சாலையில் நின்றவர்கள் படத்தில் இல்லை. அவர்களுக்கும் இடம் விட்டுத்தான் கணக்கிட வேண்டும். நான் அன்று அங்கே நிருபராக இருந்திருந்தால், "சுமார் 35,000 முதல் 45,000 பேர்" என்று எழுதி, மைதானத்தின் பரப்பையும், ஆளுக்கு எத்தனை சதுர அடி என்று கொண்டேன் என்பதையும் அடுத்த வரியில் சேர்த்திருப்பேன். அமைப்பாளர் 2 லட்சம் என்றார் என்பதையும் அவர் பெயரிலேயே எழுதியிருப்பேன்.